சோதனைக் கல்லும் அன்றாடச் சுமையும்: பீர்க்கன்கரணையில் நின்று ‘சராசரி ஆணின்’ தூக்குவலிமையை ஆராய்தல்

பீர்க்கன்கரணையில் எந்த வீடு எழும்பினாலும் சிமென்ட் 50 கிலோ மூட்டையாகத்தான் வந்து இறங்குகிறது. சமையல் எரிவாயு உருளையில் 14.2 கிலோ வாயு இருக்கிறது. இரும்பின் எடையையும் சேர்த்தால் ஏறத்தாழ 30 கிலோ. குடிநீர் 20 லிட்டர் கேனில் வருகிறது. பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் நடுவே ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி வளர்ந்த இவ்வூர், 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியோடு இணையும்வரை பேரூராட்சியாக இருந்தது. தனி வீடுகள் இருந்த மனைகளில் மாடிக் குடியிருப்புகள் எழுகின்றன. மின்தூக்கி இல்லாத கட்டடங்களில் இந்த மூன்று சுமைகளும் மனிதர் தோளிலோ தலையிலோதான் மாடி ஏறுகின்றன. ஒரு சராசரி ஆண் எவ்வளவு எடை தூக்குவார் என்று கேட்டால், இவ்வூர் வாய்திறந்து பதில் சொல்வதில்லை. மூட்டையின் அளவே பதிலாக நிற்கிறது: ஐம்பது கிலோ.

அந்தப் பதில் தவறு என்பது இக்கட்டுரையின் வாதம். எண்ணைக் கூட்டியோ குறைத்தோ அதைத் திருத்திவிட முடியாது. ஒருவர் ஒருமுறை தூக்கிக் காட்டும் வலிமையும், அவர் நாள்தோறும் உடல் கெடாமல் சுமக்கக்கூடிய எடையும் வெவ்வேறு அளவைகள். தமிழ்நாட்டுப் பழைய ஊர்கள் இவ்விரண்டுக்கும் தனித்தனிக் கற்களை நட்டு வைத்திருந்தன. முதல் அளவைக்கு இளவட்டக்கல், இரண்டாவதற்குச் சுமைதாங்கி. இன்றைய புறநகர் முதலாவதை எடுத்து இரண்டாவதன் இடத்தில் வைத்துவிட்டது.

‘சராசரி மனிதன்’ என்ற கருத்தாக்கத்தின் வயது அதிகமில்லை. பெல்ஜியக் கணிதவியலாளர் கெத்லே 1835இல் வெளியிட்ட நூலில்தான் அது முழு உருவம் பெற்றது. உயரம், எடை ஆகியவற்றோடு தசைவலிமைக்கும் அவர் சராசரி தேடினார். வலிமையை அளக்கும் கருவி அதற்கு முன்பே வந்துவிட்டது. பிரெஞ்சுக் கைவினைஞர் ரெனியே 1798இல் வெளியிட்ட வில்சுருள் வலிமைமானியைப் போதேன் தலைமையில் 1800இல் ஆஸ்திரேலியா புறப்பட்ட கப்பற்படையினர் கொண்டுசென்றார்கள். அதில் பயணம் செய்த பெரோன், தாஸ்மானியா, ஆஸ்திரேலியா, திமோர் பகுதி மக்களின் பிடியையும் இழுவிசையையும் அளந்து, அவர்கள் ஐரோப்பியரைவிட வலுக்குறைந்தவர்கள் என்று முடிவு கட்டினார். அந்த மக்கள் அப்படியொரு கருவியை அதற்கு முன் கண்டதில்லை. முழு வலுவையும் கூட்டி அதை நெரிக்க அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. மனிதர் தரும் விசை அவருடைய தசையில் மட்டும் இருப்பதில்லை என்பதைப் பெரோன் கணக்கில் எடுக்கவே இல்லை.

இக்காய், ஸ்டைன்ஹவுஸ் இருவரும் 1961இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதனைச்சாலையில் காட்டியது. முழங்கையை மடக்கி இழுக்கும்போது உரக்கக் கத்தியவர்களின் விசை ஏறத்தாழ 12 விழுக்காடு கூடியது. கனத்த பொருளை நகர்த்தும்போது ‘ஐலசா’ என்று கூடிக் குரல் எழுப்பும் நம் தொழிலாளர்கள் அதைச் சோதனைச்சாலை இல்லாமலே அறிந்திருந்தார்கள். மொரித்தானி, டிவ்ரீஸ் இருவரின் 1979ஆம் ஆண்டு ஆய்வும் இங்கே சேரும். பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் வலிமை கூடுவதற்குத் தசை பருப்பதைவிட நரம்பியக்கம் பழகுவதே பெரிய காரணம் என்று அது காட்டியது. ஒரே ஆள், அதே தசை. ஒரு மாதம் கழித்துத் தூக்கும் எடை வேறு. இவ்வளவு எளிதில் நகரும் ஓர் அளவைக்கு ‘சராசரி’ என்று ஒற்றை எண்ணைப் பொறிப்பது எப்படிப் பொருந்தும்?

உடற்பயிற்சிக்கூடங்களில் புழங்கும் பட்டியல்கள், இத்தனை கிலோ உடல் எடையுள்ளவர் இத்தனை கிலோ தூக்க வேண்டும் என்கின்றன. அவை பெரும்பாலும் எடைப்பயிற்சியைத் தேடி வந்தவர்களைப் பார்த்து எழுதியவை. உச்சிக்குச் சென்றால் வேறுபாடு இன்னும் துலங்கும். வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் பளுதூக்கலின் 77 கிலோ பிரிவில், இரு வகைத் தூக்குகளில் 149, 179 என மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018 கோல்ட் கோஸ்டில் 317 கிலோவுடன் மறுபடியும் வென்றார். மணிப்பூரின் மீராபாய் சானு 49 கிலோ பிரிவில் 2021 ஏப்ரலில் 119 கிலோவைத் தலைக்குமேல் உயர்த்தினார். இவர்களுடைய சாதனையிலிருந்து பயிற்சி எவ்வளவு தூரம் கொண்டு செல்லும் என்று அறியலாம். பயிற்சி இல்லாதவரைப் பற்றி அதிலிருந்து எதுவும் பெறமுடியாது.

இந்திய ஆணின் உடலைப் பற்றி நமக்குத் தெரிந்தவை சில உண்டு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தன் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரையில் மாதிரி ஆணின் எடையை 60 கிலோவிலிருந்து 65 கிலோவாக உயர்த்தியது. எடை கூடினால் தசையும் கூடியது என்று பொருளில்லை. யாக்னிக், யட்கின் என்ற இரு மருத்துவர்கள் 2004இல் தங்கள் உடலையே சான்றாக வைத்தார்கள். இருவருக்கும் உடல்நிறைக் குறியீடு 22.3. பிரிட்டிஷ்காரரான யட்கினின் உடற்கொழுப்பு 9.1 விழுக்காடு, புனேயைச் சேர்ந்த யாக்னிக்குடையது 21.2. பதினேழு நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரின் கைப்பிடி வலிமையை அளந்து 2015இல் வெளியான ஆய்வு, பிடி 5 கிலோ குறையும் ஒவ்வொரு படிக்கும் இறப்பு அபாயம் 16 விழுக்காடு கூடுவதாகக் கண்டது. அதே ஆய்வுத் தொடரில் தெற்காசிய ஆண்களின் பிடி, ஐரோப்பிய, வட அமெரிக்க ஆண்களுடையதைவிடத் தெளிவாகக் குறைவு. நோய் ஆபத்தை முன்னறிய இது பயன்படும். இதை எடுத்து ‘நம்மவர் வலுவற்றவர்’ என்று எழுதினால், பெரோன் செய்த பிழையையே மறுபடி செய்கிறோம்.

ஏன் பிழை என்பதற்கு நேபாளச் சுமைகாரர்களே சான்று. பாஸ்தியன் குழுவினர் 2005இல் வெளியிட்ட அளவீட்டின்படி, எவரெஸ்ட் வட்டாரத்தின் நாம்சே சந்தைக்கு நடந்து ஏறும் ஆண்கள் தம் உடல் எடையில் சராசரியாக 93 விழுக்காடும் பெண்கள் 66 விழுக்காடும் சுமந்தார்கள். சிற்றுடல் கொண்ட மக்கள் அவர்கள். நெற்றிப்பட்டையில் தொங்கும் கூடை, சிறிது நடைக்கு ஒருமுறை கூடையைக் கோலில் நிறுத்தி இளைப்பாறுதல், சிறுவயதிலிருந்தே வந்த பழக்கம் ஆகியவை சேர்ந்து அந்த எடையைச் சுமக்கவைக்கின்றன. தசையின் உச்சவிசைக்கும் சுமக்கும் எடைக்கும் நடுவே இத்தனை இருக்கின்றன.

இனி இளவட்டக்கல். தென்மாவட்ட ஊர்களில் கோயில் முன்போ மந்தையிலோ உருண்டை வடிவில் கிடக்கும் கல். முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சில் அணைத்து, தோளில் நிறுத்தி, பின்புறமாக எறிய வேண்டும். பெண் கொடுக்க இது தகுதியாக இருந்தது என்பது மக்கள் வழக்கு. திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கலையொட்டி இப்போதும் போட்டி நடக்கிறது, பெண்களும் கலந்துகொள்கிறார்கள். இந்தக் கல்லின் சமூக விதிகளைக் கவனிக்க வேண்டும். விரும்பியவர்தான் வந்து தூக்குகிறார். ஊர் பார்த்து நிற்கிறது. தூக்க முடியாதவரின் அன்றைய கூலி குறைவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கல்லை யாரும் மாடிக்குச் சுமப்பதில்லை.

ஐஸ்லாந்தின் திரித்விக் மீன்பிடிக் கரையில் வேறொரு வழக்கம் இருந்தது. அங்கே நான்கு கற்கள்: 154, 100, 54, 23 கிலோ. படகில் வேலை வேண்டுபவர் கல்லை இடுப்புயரப் பாறை மேல் ஏற்ற வேண்டும். ‘அரைப்பங்குக்காரன்’ என்று பெயர் கொண்ட 54 கிலோக் கல்லைக்கூட ஏற்ற முடியாதவருக்குப் படகில் இடமில்லை. இங்கே சோதனை பிழைப்போடு கட்டப்பட்டுவிட்டது. என்றாலும் வேலையில் சேரும் நாளோடு சோதனை முடிந்துவிடும். நம் சிமென்ட் மூட்டை அந்த 54 கிலோவுக்கு நான்கு கிலோதான் குறைவு. ஒரு சுமை இறக்கும்போது அதை எத்தனையோ முறை தூக்க வேண்டியிருக்கிறது.

சுமைதாங்கி இதற்கு நேர்மாறான அறிவு. நட்ட இரண்டு கற்களின் மேல் குறுக்கே ஒரு பலகைக்கல். வழிநடையில், நின்றபடியே தலைச்சுமையைச் சாய்த்து வைத்துவிட்டு மறுபடி எடுத்துக்கொள்ளத்தக்க உயரம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக இவற்றை நாட்டும் வழக்கம் தமிழ்நாடெங்கும் இருந்தது. சுமக்க முடிந்த சுமையையும் தரையிலிருந்து தனியாக எடுக்க முடியாது என்ற அனுபவ உண்மை அக்கல்லின் உயரத்தில் இருக்கிறது. சும்மாடு சுமையைத் தலையில் சமமாகப் பரப்புகிறது. சுமைதாங்கி குனிவதைத் தவிர்க்கிறது.

இந்த உண்மையை எண்ணில் எழுதியது 1991இல் திருத்தப்பட்ட அமெரிக்கத் தொழில்பாதுகாப்பு நிறுவனத்தின் தூக்குதல் சூத்திரம். எல்லா நிலையும் சாதகமாக இருந்தால் வரம்பு 23 கிலோ. ஐஸ்லாந்தில் சோனியைக் குறிக்கும் கடைசிக் கல்லின் எடையும் அதுவே. ஏறத்தாழ எல்லா ஆண்களும் பெண்களில் முக்கால்வாசிப் பேரும் ஏற்கத்தக்க எடை என்று அதைத் தேர்ந்தார்கள். அதிலிருந்து உயரம், தொலைவு, திரும்பல், எத்தனை முறை என ஒவ்வொன்றாகக் கழியும். கை தரையளவில் தொடங்கி 75 செ.மீ. உயரத்தில் முடிந்து, சுமை கணுக்கால் நேரிலிருந்து 30 செ.மீ. முன்னே இருந்தால், மற்றவை எல்லாம் சரியாக இருந்தாலும் வரம்பு 13 கிலோவுக்கு இறங்கிவிடுகிறது. தரையில் கிடக்கும் சிமென்ட் மூட்டை அதைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு. எரிவாயு உருளைக்கு மேல்வளையம் இருப்பதால் கை தரைக்கு மேலேயே பிடித்துவிடுகிறது. அதே எடையுள்ள மூட்டையைவிட உருளையை எடுப்பது எளிதாக இருப்பது இதனால்தான்.

காரணம் நெம்புகோல் கணக்கு. முதுகுத் தசைகள் இடுப்பு முள்ளெலும்பின் மையத்திலிருந்து 5 செ.மீ. அளவிலேயே இழுக்கின்றன. சுமை 30 செ.மீ. முன்னே இருந்தால் தசை ஆறு மடங்கு இழுக்க வேண்டும்: ஐம்பது கிலோவுக்கு முந்நூறு. அதோடு மூட்டையின் எடையும் சேர, முள்ளெலும்பின்மேல் 350 கிலோ எடையளவு அழுத்தம். குனிந்திருக்கும் உடலின் எடையை இன்னும் கூட்டவில்லை. அந்தச் சூத்திரம் பாதுகாப்பு எல்லையாகக் கொண்ட 3,400 நியூட்டனும் ஏறத்தாழ இதே அளவுதான்.

சுமைத் தொழிலாளர்கள் இதை அறிந்தே வேலை செய்கிறார்கள். லாரித் தட்டிலிருந்து ஒருவர் நகர்த்தித் தர, கீழே நிற்பவர் நிமிர்ந்தபடி தலையிலோ முதுகிலோ வாங்கிக்கொள்கிறார். கீழே கிடக்கும் மூட்டையென்றால் இன்னொருவர் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறார். லாரித் தட்டு இன்றைய சுமைதாங்கி. ஆள் குறைந்து, ஒருவரே தரையிலிருந்து எடுக்க நேரும்போது பாதுகாப்பு போய்விடுகிறது.

‘அவர்கள்தாம் நாள்தோறும் தூக்குகிறார்களே, அப்படியானால் முடியும் என்றுதானே பொருள்?’ என்பது வலுவாகத் தோன்றும் மறுப்பு. ஆனால் நாம் பார்ப்பது எஞ்சி நிற்பவர்களை. இடுப்பு பிடித்துப்போனவர் வேலையைவிட்டு விலகிவிடுகிறார். நம் கண்ணில் அவர் படுவதில்லை. நோய்ப்பரவலியலில் இதற்கு ‘ஆரோக்கியத் தொழிலாளர் விளைவு’ என்று பெயர். இரண்டாவது மறுப்பு கூலி பற்றியது. மூட்டைக் கணக்கில் கூலி பெறுபவருக்கு 25 கிலோ மூட்டை வந்தால், மூட்டைக்கான கூலி வெட்டப்பட்டு, நடை இரட்டித்தும் வருமானம் குறையலாம். இது உண்மையான அச்சம். எடைக் கணக்கில் கூலி பேசினால் தொகை குறையாது; படியேறும் உழைப்பு கூடினாலும் முள்ளெலும்பின் உச்ச அழுத்தம் இறங்கும். பிரிட்டனில் 1992ஆம் ஆண்டுச் சுமை கையாளல் விதிகளோடு வந்த வழிகாட்டல், இடுப்புயரத்தில் உடலோடு ஒட்டிப் பிடிக்கும் ஆணுக்கு 25 கிலோ என்றது. அங்கே சில்லறைச் சிமென்ட் இன்று 25 கிலோப் பையில் விற்கிறது. வீடு அங்கும் எழும்பத்தான் செய்கிறது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1967ஆம் ஆண்டுப் பரிந்துரை, ஆண் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் விரைவில் அந்த அளவுக்குக் குறைக்கச் சொன்னது. இதைப் பலரும் அனுமதி என்று வாசிக்கிறார்கள்; அது நூறு கிலோ மூட்டைகளின் காலத்தில் போட்ட தடை. நம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 34ஆம் பிரிவு, காயம் விளைக்கக்கூடிய எடையைத் தூக்கவைக்கக் கூடாது என்றது. தெருவோரக் கடை வாசலும் பாதி எழும்பிய வீடும் அச்சட்டம் சொன்ன தொழிற்சாலை ஆகவில்லை. 1982ஆம் ஆண்டுத் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இவர்களை நலவாரியத்துக்குள் கொண்டுவந்தது பெரிய முன்னேற்றம். அதன்வழி நல உதவிகள் கிடைத்தன. மூட்டை மட்டும் அதே எடையில் வருகிறது.

எனவே தேவைப்படுவது வேறு வகை அளவீடு. பீர்க்கன்கரணையிலிருந்து வண்டலூர் கடந்து கேளம்பாக்கம் சாலையில் திரும்பினால் மேலக்கோட்டையூரில், 2005இல் தொடங்கிய தமிழ்நாடு உடற்கல்வியியல், விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வீரர்களை அளக்கும் பயிற்சியும் கருவியும் உள்ள துறை இவ்வூர்த் தெருக்களையும் அளக்கலாம். அலுவலகம் செல்பவர், சுமைத் தொழிலாளர், வேலையைவிட்டு விலகியவர், இரும்புச் சட்டியில் மணல் சுமக்கும் சித்தாள் பெண்கள் என எல்லோரும் அதில் இடம்பெற வேண்டும். ஒருமுறை உச்சமாகத் தூக்கிய எடையோடு, கைப்பிடி வலிமை, சுமையை எடுத்த உயரம், உடலிலிருந்து அதன் தொலைவு, ஒரு மணிக்கு எத்தனை முறை, எத்தனை மாடி, தூக்கிவிட ஆள் இருந்தாரா என்ற விவரங்களையும் பதிய வேண்டும். வேலையைவிட்டவர்களிடம், கடைசியாகத் தூக்கிய மூட்டையின் எடையும் அப்போதைய வயதும் கேட்கப்பட வேண்டும்.