பழத்தின் வழக்கில் இலையின் சாட்சியம்: நாவலும் புளூபெர்ரியும் குறித்த ஒரு மறுவாசிப்பு

நாவலின் மருத்துவப் பயன் பற்றி எழுதுவோர் இன்று இரு அணிகளாக நிற்கின்றனர். ஓர் அணி, அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட எலி ஆய்வையும் அதன் வழிவந்தவற்றையும் காட்டி, நாவல் நீரிழிவுக்கு மருந்து என்கிறது. மற்ற அணி, பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே ஆய்வாளர்கள் 2004இல் ‘டயபடீஸ் கேர்’ இதழில் வெளியிட்ட மனித ஆய்வை முன்வைத்து, அந்த நம்பிக்கை ஆய்வில் தோற்றுவிட்டது என்கிறது. இருவரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம். முதல் ஆய்வு சோதித்தது கொட்டையை. இரண்டாவது சோதித்தது இலையை. ஆனி, ஆடி மாதங்களில் பொதட்டூர்பேட்டையிலும் திருத்தணியிலும் உப்புத் தூவித் தின்னப்படும் பழச்சதையைப் பற்றி இரண்டுமே எதுவும் சொல்லவில்லை. புளூபெர்ரி ஆய்வுகளோ மக்கள் தின்கிற பழத்தையே, தின்னக்கூடிய அளவில், மனிதரிடம் சோதித்துப் பார்த்தவை. நாவல் ஆராய்ச்சி அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த முறையைத்தான். அதன் முடிவுகளைக் கடன் வாங்குவது வேறு விஷயம்.

2004ஆம் ஆண்டு ஆய்வைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். அதன் அமைப்பில் குறை காண்பது எளிதன்று. இரண்டாம் வகை நீரிழிவு நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு நாவல் இலைத் தேநீரும் போலி மாத்திரையும், மறு பிரிவுக்குப் போலித் தேநீரும் கிளிபென்கிளமைடு என்ற நீரிழிவு மாத்திரையும் தரப்பட்டன. யாருக்கு எது என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, குடிப்பவருக்கும் தெரியாது. 28 நாள் கழித்து, மாத்திரை எடுத்தவர்களின் வெறும்வயிற்றுச் சர்க்கரை குறைந்திருந்தது. தேநீர் குடித்தவர்களுக்குக் குறையவில்லை. இந்த முடிவை ஐயுறக் காரணமில்லை. ஆனால் அது எந்தக் கேள்விக்கு விடை என்று பார்க்க வேண்டும். தென் பிரேசிலில் நீரிழிவுக்காரர்கள் நாவல் இலையைக் கொதிக்கவைத்துக் குடிப்பது பரவலான வழக்கம். ஆய்வாளர்கள் தம் ஊர் வழக்கத்தைத் தம் ஊரிலேயே சோதித்தார்கள். அது செய்ய வேண்டிய காரியம்தான். சிக்கல் தொடங்குவது தலைப்பில். அதில் மரத்தின் தாவரவியல் பெயர் இருக்கிறது, இலை என்ற சொல் இல்லை. தலைப்பையும் முடிவையும் மட்டும் எடுத்தாண்டவர்களின் கையில், ‘இலைத் தேநீர் பயன்தரவில்லை’ என்பது ‘நாவல் பயன்தரவில்லை’ என்று மாறியது. பழத்தோலைக் கருநீலமாக்கும் ஆந்தோசயனின் நிறமிகள் முற்றிய பச்சை இலையில் அப்படி இருப்பதில்லை. ஆகவே பழம் எந்த வேதிப்பொருளால் பயன்தரக்கூடும் என்று கருதப்படுகிறதோ, அந்தப் பொருள் அந்தத் தேநீரில் ஏறத்தாழ இல்லை என்றே கொள்ளலாம். இல்லாத ஒன்று செயல்படவில்லை என்பது கண்டுபிடிப்பாகாது. ஒரு நுணுக்கமும் உண்டு: ஒப்பீட்டுக்கு வைக்கப்பட்டது சில நாட்களிலேயே சர்க்கரையை இறக்கும் மாத்திரை. அத்தகைய போட்டியில் எந்த உணவும் நான்கு வாரத்தில் வெல்லப்போவதில்லை. இது ஆய்வாளர்களின் தவறன்று. உணவை மாத்திரையின் அளவுகோலால் அளக்கும் வாசகரின் தவறு.

எதிரணியின் நிலையும் மேலானதன்று. 1998ஆம் ஆண்டு ஆய்வில் எலிகளுக்கு அலொக்சான் தந்து கணையத்தின் பீட்டா செல்களை அழித்து, பிறகு நாவல் கொட்டைச் சாறு கொடுத்தார்கள். நம்மைச் சூழ்ந்துள்ள நீரிழிவு பெரும்பாலும் இன்சுலின் இருந்தும் அது சரியாக வேலை செய்யாத நிலையில் தொடங்குவது. அலொக்சான் எலி அந்த நோயின் நல்ல மாதிரி அன்று. அதையும் ஒதுக்கி வைத்தாலும், கொட்டையை உலர்த்திப் பொடித்து உண்பது ஒரு மருந்துமுறை. பழம் தின்பவர் துப்பிவிடுவது அந்தக் கொட்டையைத்தான். கொட்டையின் புகழைச் சதைக்கு ஏற்றுவதும், இலையின் தோல்வியைச் சதையின் மேல் சுமத்துவதும் ஒரே தர்க்கப் பிழையின் இரு முகங்கள்.

பழத்தையே சோதித்தால் என்ன கிடைக்கும் என்பதற்குப் புளூபெர்ரி சான்று. 2010இல் அமெரிக்காவில், இன்சுலின் எதிர்ப்பு கொண்ட உடல்பருமனுள்ளோருக்கு ஆறு வாரம் நாளொன்றுக்கு 45 கிராம் உறைஉலர் பொடி தந்தபோது, இன்சுலின் உணர்திறன் கூடியது. 2019இல் கிழக்கு ஆங்கிலியப் பல்கலைக்கழகக் குழு, வளர்சிதைமாற்றக் கோளாறு கொண்ட 50 முதல் 75 வயதினரிடம் ஆறு மாதம் நடத்திய ஆய்வில் இன்சுலின் எதிர்ப்பு மாறவில்லை. ஆனால் ரத்தநாளங்களின் விரியும் திறன் மேம்பட்டது. அதுவும் 150 கிராம் பழத்துக்கு இணையான அளவில்தான்; பாதி அளவு போதவில்லை. இவ்விரு ஆய்வுகளுக்கும் புளூபெர்ரி வணிகத்தின் நிதி இருந்ததை மறக்கலாகாது. ஆயினும் வணிகம் விரும்பாத முடிவும், அதாவது சர்க்கரையில் மாற்றமில்லை என்பதும், மறைக்கப்படாமல் வெளியாகியிருக்கிறது. இதிலிருந்து பெறக்கூடிய பாடம்: ஆந்தோசயனின் நிறைந்த பழத்திடம் முதலில் கேட்க வேண்டியது சர்க்கரையை அன்று, ரத்தநாளத்தை. நாவலிடம் நூறாண்டுக்கும் மேலாகப் பெரும்பாலும் சர்க்கரையையே கேட்டுவந்திருக்கிறோம். புளூபெர்ரியில் உள்ள டெல்ஃபினிடின், பெட்டுனிடின், மால்விடின் ஆகியவையே நாவலிலும் முதன்மை நிறமிகள். ஆனால் நாவலில் அவை இரண்டு குளுக்கோஸ் ஒட்டிய வடிவில் உள்ளன. புளூபெர்ரியில் ஒற்றைச் சர்க்கரை வடிவில். உறிஞ்சப்படுவது வேறுபடலாம் என்ற மறுப்பு நியாயமானது. இவற்றின் பெரும்பகுதி பெருங்குடல் நுண்ணுயிரிகளால் சிதைந்து சிறு ஃபீனால் அமிலங்களாகவே உடலில் சேர்வதால், வேறுபாடு தோன்றும் அளவுக்குப் பெரிதாக இராது என்று கருதுகிறேன். ஐயம் நீங்க வேண்டுமானால் நாவலை நேரே சோதிக்க வேண்டும் என்பதே இந்த மறுப்பிலிருந்தும் கிடைக்கும் முடிவு.

காட்டுப் பழம் தோட்டப் பழத்தைவிடச் சிறந்தது என்ற கருத்தும் புளூபெர்ரி எழுத்திலிருந்து நாவலுக்கு இறக்குமதியாகிவிட்டது. அமெரிக்க வேளாண் துறையின் 2010ஆம் ஆண்டு அட்டவணையில் காட்டுப் புளூபெர்ரியின் எதிர்ஆக்சிகரணத் திறன் தோட்டப் பழத்தைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. சோதனைக்குழாயில் அளந்த அந்த எண்கள் உடலுக்குள் நடப்பதைக் காட்டவில்லை, விளம்பரங்களில் தவறாகப் பயன்படுகின்றன என்று சொல்லி, 2012இல் அத்துறையே அட்டவணையை விலக்கிக்கொண்டது. அடிப்படையான தடை வேறு. மெய்ன் மாநிலக் காட்டுப் புளூபெர்ரியும், ஃபிரடெரிக் கோவில், எலிசபெத் வைட் ஆகியோர் நியூ ஜெர்சியில் வளர்ப்புப் பயிராக்கி 1916இல் சந்தைக்கு அனுப்பிய உயர்புதர்ப் புளூபெர்ரியும் வெவ்வேறு இனங்கள். அந்தக் ‘காட்டு’ வயல்களும் தீயிட்டோ வெட்டியோ பராமரிக்கப்படுபவை. நாவலில் ஏரிக்கரை மரமும் தோப்பு மரமும் ஒரே இனம். ஒரு விதையில் பல கருக்கள் முளைக்கும் இயல்பால் கன்றுகள் பல தாயையே ஒத்து வருகின்றன. எனவே இரு இனங்களுக்கு இடையே கண்ட வேற்றுமையை இங்கே ‘ஊர் நாவல்’, ‘ஒட்டு நாவல்’ என்று பொருத்துவது செல்லாது. நீலகிரியிலும் பழனி மலையிலும் புளூபெர்ரியின் உறவினமான வாக்சினியம் லெஷெனால்டி இருக்க நாவல் எதற்கு என்று கேட்கலாம். மலையுச்சிச் சோலையின் செடி சமவெளியின் உணவாகாது, அவ்வளவே.

பொதட்டூர்பேட்டை உள்ளிட்ட பள்ளிப்பட்டு வட்டாரத்தின் தறித் தொழில் ஊர்களுக்கு இந்தக் கேள்வி ஏட்டளவில் நிற்பதன்று. 2023இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) இண்டியாப் ஆய்வு, நாட்டின் பெரியவர்களில் 11.4 விழுக்காட்டினருக்கு, அதாவது பத்துக் கோடிப் பேருக்கு, நீரிழிவு என்கிறது. உட்கார்ந்து உழைப்போரின் ஊரில் ரத்தநாள நலம் மருந்துக்கடைக்கு மட்டும் உரியதாக இருக்கக் கூடாது. புளூபெர்ரி காட்டும் அளவு நாவலுக்கும் பொருந்துமானால், வழியில் வாங்கும் ஒரு கைப்பிடி போதாது; கொட்டை நீக்கிய சதையே 150 கிராம் வேண்டும். அப்போது சதை மிகுந்த தோட்ட ரகங்களும், லக்னோ நடுவண் தோட்டக்கலை நிறுவனம் தேர்ந்தெடுத்த ஜே-42 போன்ற விதையில்லா ரகமும் ஏளனத்துக்குரியவை அல்ல. பருவம் சில வாரமே என்ற தடையை உறைஉலர் பொடி தீர்க்கும். தேவை, தோலோடு கூடிய சதைப் பொடி, நிறமும் சர்க்கரையும் ஒத்த போலிப் பொடி, இரண்டு அளவுகள், ஆறு மாதம், ரத்தநாள விரிவை முதல் அளவையாகக் கொண்ட ஓர் ஆய்வு. அது நடக்கும்வரை 1998ஆம் ஆண்டு ஆய்வை நாவல் பழத்துக்கு ஆதரவாகவோ, 2004ஆம் ஆண்டு ஆய்வை அதற்கு எதிராகவோ எடுத்தாளும் வழக்கம் இத்துறையில் கைவிடப்பட வேண்டும்.