சூறைவிடுதல்

சூறைவிடுதல் என்பது பழம், காசு, தேங்காய் முதலியவற்றைக் கூட்டத்தின் நடுவே வீசியெறிந்து, வேண்டியோர் எடுத்துக்கொள்ள விடுதலைக் குறிக்கும் தமிழ் வினைச்சொல் ஆகும்.

சொற்பொருள்

சூறை என்னும் பெயர்ச்சொல் சுழன்றடிக்கும் காற்று, கொள்ளை, வாரியிறைத்தல் ஆகிய பொருள்களைத் தரும். சூறைக்காற்று, சூறாவளி என்பவை முதற்பொருளில் வழங்குகின்றன. கொள்ளைப் பொருளும் பழமையானதே. வழிப்பறி செய்யும் ஆறலைத்தலுடன் சூறையாடலையும் பாலை நிலத்தாரின் தொழிலாக அகப்பொருள் மரபு கூறும்.

கொள்ளைக்கும் கொடைக்கும் ஒரே சொல் அமைந்தது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் இரண்டிலும் பொருள் முறைவரிசையின்றிக் கைக்கு எட்டியவரிடம் போய்ச் சேர்கின்றது. வேறுபாட்டை உடன்வரும் வினையே காட்டுகின்றது: சூறையாடுபவர் எடுப்பவர், சூறைவிடுபவர் உடையவர். தூவுதல், தெளித்தல், இறைத்தல் ஆகியவையும் பரவச் செய்தலையே குறித்தாலும், எடுப்பவர் ஒருவர் இருக்கவேண்டும் என்னும் குறிப்பு அவற்றில் இல்லை. வயலில் விதையைத் தூவலாம், சூறைவிட முடியாது.

சேவுகம்பட்டி வழக்கம்

இச்சொல் இன்றும் உயிருடன் வழங்கும் இடங்களுள் திண்டுக்கல் மாவட்டம், நிலக்கோட்டை வட்டத்திலுள்ள சேவுகம்பட்டி குறிப்பிடத்தக்கது. இங்குள்ள சோலைமலை அழகர் பெருமாள் கோயிலில் ஆண்டுதோறும் தை மாதம் 3ஆம் நாள் வாழைப்பழம் சூறைவிடும் விழா நடைபெறுகின்றது. நேர்த்திக்கடன் செலுத்துவோர் கூடை கூடையாகப் பழங்களை ஊர்வலமாகக் கொண்டுவந்து வீசுகின்றனர். திரண்டிருப்போர் அவற்றைப் பிடித்தும் பொறுக்கியும் பிரசாதமாகக் கொள்வர். வாழை மிகுதியாக விளையும் வட்டாரம் இது. பொங்கலை அடுத்து, விளைந்ததில் ஒரு பங்கை இன்னாருக்கு என்று குறிக்காமல் விட்டுவிடுகின்றனர்.

பிள்ளையார் கோயில்களில் உடைக்கப்படும் சூறைத் தேங்காயும் இவ்வகையினதே. இது சிதறுகாய் எனவும், தென்மாவட்டங்களில் விடலை எனவும் வழங்கும். சில்லுகளைச் சிறுவர்கள் முந்திக்கொண்டு பொறுக்குவர். உடைத்தவர் அதைத் திரும்ப எடுப்பதில்லை.

ஆங்கில ஒப்பீடு

சிதறுதலைக் குறிக்கும் ‘ஸ்கேட்டர்’ என்னும் ஆங்கில வினையிலும் இதையொத்த பொருள் காணப்படுகின்றது. 12ஆம் நூற்றாண்டில் அதன் தொடக்கப்பொருள் செல்வத்தை விரயமாக்குதல் என்பதாகும். பீட்டர்பரோ வரலாற்றுக் குறிப்பேட்டின் 1137ஆம் ஆண்டுப் பதிவு, தன் மாமன் முதலாம் ஹென்றி சேர்த்த கருவூலத்தை மன்னர் ஸ்டீபன் மதியின்றி வாரியிறைத்ததை இச்சொல்லால் சுட்டுகின்றது. படைகளையும் கூட்டங்களையும் கலைத்து விரட்டுதல் என்னும் பொருள் 1300ஆம் ஆண்டளவில் காணப்படுகின்றது. நொறுக்குதலைக் குறிக்கும் ‘ஷேட்டர்’ என்னும் சொல்லின் வடஇங்கிலாந்து வடிவமே இது என்று கருதப்படுகின்றது. சூறைத் தேங்காயில் நொறுங்குதலும் சிதறுதலும் ஒரே வீச்சில் நிகழ்வதை இங்கு ஒப்பிடலாம்.