'கோட்' என்றால் பாராட்டு... 'மியூல்' என்றால் பிரம்படி!

யாராவது உங்களை "ஆடு" என்று சொன்னால் கோபம் வரும். அதையே ஆங்கிலத்தில் 'கோட்' என்றால்? உச்சி குளிர்ந்துவிடும்!

'எக்காலத்துக்கும் ஆகச் சிறந்தவர்' என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் சேர்ந்த சொல் அது. குத்துச்சண்டை வீரர் முகமது அலியின் மனைவி லோனி, 1992இல் கணவருக்காகத் தொடங்கிய நிறுவனத்துக்கு அந்தப் பெயரைத்தான் வைத்தார். வேடிக்கை என்னவென்றால், அதற்கு முன் அமெரிக்க விளையாட்டுகளில் 'கோட்' என்றால் ஆட்டத்தைக் கோட்டைவிட்டவர். நம் பலியாடு மாதிரி! 2024இல் விஜய் படம் வந்தபோது இதை வீட்டுப் பெரியவர்களுக்கு விளக்கிக் களைத்தவர்களில் நானும் ஒருத்தி.

'டீ' என்றால் வம்புப் பேச்சு. 'கேப்' என்றால் பொய். நம்மிடமும் 'கடலை', 'பல்பு' எல்லாம் இருக்கே! அர்த்தம் தெரியாவிட்டால் கொஞ்சம் அசடு வழியலாம். அவ்வளவுதான்.

'மியூல்' அப்படியில்லை.

அது கோவேறு கழுதை. மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்காமல் சுமக்கும். போதைப்பொருளைக் கடத்திச் செல்வோரை அப்படி அழைத்தார்கள். இப்போது, மோசடிப் பணம் கைமாறத் தங்கள் வங்கிக் கணக்கைக் கொடுப்பவர்களுக்கும் அதே பெயர்.

ஆனால் உங்களிடம் யாரும் "மியூலாக வர்றியா?" என்று கேட்கப்போவதில்லை. "அக்கவுண்ட் சும்மாதானே கிடக்குது, வாடகைக்குக் கொடு. மாசாமாசம் காசு வரும்" என்பார்கள். வாடகை, கமிஷன், பார்ட்-டைம் வேலை... எல்லாம் தினமும் கேட்கும் சொற்கள். 'மியூல்' என்ற சொல்லைச் சிலர் முதன்முதலில் கேட்பதே காவல்துறை விசாரணையில்தான்.

"எனக்குத் தெரியாதே" என்றால் விட்டுவிடுவார்களா? சிங்கப்பூரில் 2024 பிப்ரவரி 8ஆம் தேதி நடப்புக்கு வந்த சட்டத் திருத்தங்களுக்குப் பிறகு அது எளிதல்ல. சந்தேகம் வந்திருக்க வேண்டிய சூழலில் கவனமில்லாமல் கணக்கைக் கொடுத்தாலே வழக்குத் தொடுக்கலாம். குற்றம் நடக்க உதவும் வகையில் சிங்பாஸ் விவரங்களைக் கொடுத்தால் 3 ஆண்டு வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். 2025 இறுதியில் நடப்புக்கு வந்த மாற்றத்தின்படி, மோசடிக்கு உதவும் மியூல்களுக்கு நீதிமன்றம் 12 பிரம்படி வரை விதிக்கலாம்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? உடனே வங்கிக்குச் சொல்லுங்கள், காவல்துறையில் புகார் செய்யுங்கள். கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், ஸ்கேம்‌ஷீல்டு உதவி எண் 1799ஐ அழைத்துக் கேளுங்கள்.