தாளிப்பனை விதையும் தேயிலைக் கட்டையும்: ஊவாவில் கைவேலைக்கு மரம் யாருடையது?

யானையைக் கொல்லாமல் கிடைக்கும் தந்தமும் உண்டு. தென்னமெரிக்காவின் தாகுவா பனை விதை காய்ந்தால் வெண்மையாக, கடைசல் பிடிக்கும் அளவுக்கு இறுகிவிடும். ஈக்குவடோரில் அதைச் செதுக்குவது இன்றும் ஒரு தொழில். நம் நாட்டில் அதற்கு இணையானது தாளிப்பனை, சிங்களத்தில் 'தல'. 30 முதல் 80 ஆண்டுகள் வளர்ந்து, ஒரே தடவை பூத்துக் காய்த்துப் பட்டுப்போகும் மரம். இதன் விதையில் மணியும் பொத்தானும் கடைந்தார்கள். சிவப்புச் சாயம் ஏற்றிப் பவளம் என்று விற்றதும் உண்டு! பிளாஸ்டிக் வந்த பின் அந்தச் சந்தை படுத்துவிட்டது.

உண்மையான தந்தத்துக்கு இங்கு இடமில்லை. 2016 ஜனவரி 26 இல் காலிமுகத்திடலில் 359 தந்தங்களை அரசே அழித்தது.

ஆனால் காயின் குறுக்களவே மூன்று நான்கு சென்ரிமீற்றர்தான். லாச்சிக் குமிழ், கத்திப்பிடியில் பதிக்கும் துண்டு, பொத்தான் ஆகியவற்றுக்குப் போதும். நீரில் ஊறினால் இளகும் என்பதால் கழுவிப் புழங்கும் பாத்திரத்துக்கு ஆகாது. மீதி வேலைக்கு வைரமான மரம் வேண்டும்.

அது பதுளைப் பக்கம் இல்லாமலில்லை. கித்துல் மரத்தின் கறுத்த வைரத்தில் உலக்கை செய்வது பழைய வழக்கம். பசறை, ஹாலிஎல, ஹப்புத்தளைத் தோட்டங்களில் மறுநடுகைக்காகப் பிடுங்கும் பழைய தேயிலைச் செடியின் அடிக்கட்டை, நெருங்கிய இழையும் முறுக்கும் கொண்டது. நிழலில் மெதுவாகக் காயவைத்தால் விளக்குத் தண்டு, முக்காலி, மேசைக்கால் எல்லாம் ஆகும். வெயிலில் போட்டால் வெடித்துவிடும். லயத்தில் கவ்வாத்து மிலாறு போல அதுவும் அடுப்புக்கே போகிறது. எனக்கு இது வெறும் விறகுக் கணக்காகத் தெரியவில்லை.

கட்டை தொழிலாளியுடையது அல்ல. 1975 இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992 இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போனது. செடியை நட்டு வளர்த்த குடும்பங்களின் பெயரில் காணி எழுதப்படவில்லை. பல மரங்களை வெட்டவோ ஏற்றவோ அனுமதிப்பத்திரம் வேண்டும். 1983 யூலையில் பதுளை நகரில் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அந்த ஆண்டுகளில் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போனவர்களில் பலர், முதிரையும் பாலையும் நிறைந்த அந்த மண்ணிலும் காணிப் பத்திரம் இல்லாமலே காலம் கழித்தார்கள்.

தேசிய அருங்கலைகள் பேரவையில் கைவினைஞராகப் பதியலாம். ஆனால் மூலப்பொருளுக்கு முதலில் தோட்டத்துரையின் எழுத்து மூல ஒப்புதல் வேண்டும். மறுநடுகை தொடங்குமுன் கேட்டால்தான் கட்டை மிஞ்சும்.