கொஞ்சம் நெருங்கி நில்லுங்க

என்கிட்ட ஒரு பழைய போட்டோ இருக்கு. 1999 பொங்கல் சமயம், திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறை. தெருவுல விளையாட்டுப் போட்டி முடிஞ்சதும் எடுத்தது. பத்து பேர் தோள்ல கை போட்டு ஒட்டிக்கிட்டு நிக்கிறாங்க. பதினோராவதா ஒரு அண்ணன், ஓரமா, ஒரு முழம் தள்ளி. இரவல் கேமராவுல எடுத்தது அடியேன்தான்.

வெளியூர்ல வேலை பார்த்துட்டு உடம்பு இளைச்சுத் திரும்பி வந்தவர் அவர். "அவனுக்கு அதுதானாம்" அப்படின்னு தெருவுல ஒரு பேச்சு. யாரும் எந்த ரிப்போர்ட்டையும் பார்க்கலை. ஆனா டீக்கடையில அவருக்குத் தனி கிளாஸ் வந்துடுச்சு.

அந்தக் கதைக்கு அப்புறம் வரேன். முதல்ல கொஞ்சம் வரலாறு.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நம்ம சென்னையில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் ரத்த மாதிரிகளைச் சேகரித்துச் சோதித்ததில் தெரியவந்தது. அதற்குப் பிறகு நம் கண்ணில் பட்ட படங்கள் என்ன? மண்டை ஓடு, எலும்பும் தோலுமான உருவம், "எய்ட்ஸ் கொல்லும்" என்கிற சிவப்பு எழுத்து. பயம் காட்டினால் ஜாக்கிரதையாக இருப்பார்கள் என்று நினைத்துச் செய்ததுதான். ஆனா நடந்தது வேற. ஜனங்க நோயைப் பார்த்து பயப்படலை, நோயாளியைப் பார்த்து பயந்தாங்க. 2003 வாக்கில் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" விளம்பரம் வந்தப்போ ஊரே அதைப் பேசிச்சு, கூடவே கிண்டலும் பண்ணிச்சு.

வெளிநாட்டிலும் ஆரம்பம் இப்படித்தான் தடுமாறியது. 1987 ஏப்ரலில் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் எய்ட்ஸ் வார்டைத் திறந்துவைத்த இளவரசி டயானா, கையுறை போடாமல் ஒரு நோயாளியின் கையைக் குலுக்கினார். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று உலகமே நம்பிய காலம். பக்கம் பக்கமாக எழுதியும் விளங்காததை அந்தப் படம் விளக்கியது. ஆனா கவனிங்க, அந்த நோயாளி முகத்தைக் காட்டச் சம்மதிக்கலை. முகம் தெரிஞ்சா வாழ்க்கை போச்சு.

1988-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் நிக்கோலஸ் நிக்சன் எடுத்த எய்ட்ஸ் நோயாளிகளின் படங்கள் வைக்கப்பட்டன. நோயாளிகள் உரிமைக்காகப் போராடிய ஆக்ட் அப் அமைப்பினர் அங்கேயே துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். எங்களைச் சாகிறவர்களாக மட்டும் காட்டாதீர்கள், கோபப்படுகிற, சிரிக்கிற, போராடுகிறவர்களாகவும் காட்டுங்கள் என்பது அவர்கள் கேட்டதன் சாரம். ரொம்ப நியாயமான கேள்வி.

1990 நவம்பரில் லைஃப் பத்திரிகையில் தெரீஸ் ஃப்ரேர் எடுத்த படம் வந்தது. சாகும் தறுவாயில் டேவிட் கிர்பி, அவரைக் கட்டிக்கொண்டு அழும் அப்பா. 1992-ல் பெனட்டன் துணிக் கம்பெனி அதை விளம்பரமாகவே போட்டபோது ஏகப்பட்ட கண்டனம். ஆனால் கிர்பி குடும்பம் சம்மதித்தே கொடுத்தது. கம்பெனி எங்களைப் பயன்படுத்தவில்லை, நாங்கள்தான் அவர்களைப் பயன்படுத்துகிறோம் என்கிற ரீதியில் அவருடைய அப்பா பதில் சொன்னார். என்னைக் கேட்டால் அந்தப் படத்தின் பலம் நோயாளியின் முகத்தில் இல்லை. கட்டிக்கொண்டிருக்கும் அப்பாவின் கைகளில் இருக்கிறது.

1993-ல் கிடியன் மெண்டல் அதே மிடில்செக்ஸ் மருத்துவமனையில், சம்மதித்த நோயாளிகளை அவர்களுடைய வேண்டியவர்களோடு சேர்த்துப் படமெடுத்தார். பிற்பாடு டேவிட் கியருடன் சேர்ந்து இன்னும் ஒரு படி மேலே போனார். 'த்ரூ பாசிட்டிவ் ஐஸ்' என்ற திட்டத்தில் கேமராவையே எச்.ஐ.வி. உள்ளவர்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். மெக்சிகோ சிட்டி, ஜோகன்னஸ்பர்க், பாங்காக், நம்ம மும்பை என்று பல ஊர்களில் நடந்தது. எதைக் காட்டணும், எதை மறைக்கணும்னு அவங்களே முடிவு பண்ணிக்கிட்டாங்க.

தமிழ்நாட்டிலும் தைரியமாக முகம் காட்டியவர்கள் உண்டு. நாமக்கல் பகுதியைச் சேர்ந்த பி. கௌசல்யா முகத்தை மறைக்காமல் பொதுவில் பேசினார், 1998-ல் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்காக ஓர் அமைப்பையே தொடங்கினார். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று எங்க தெருவைப் பார்த்தவனுக்குத் தெரியும்.

2004 ஏப்ரல் 1-ல் தாம்பரம் உள்ளிட்ட சில அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகத் தொடங்கியது. இப்போது ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவு மூலம்கூட அடுத்தவருக்குப் பரவாது. 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த சட்டப்படி, ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக்கூடாது. படமும் அதில் சேர்த்திதான்.

சரி, அந்த அண்ணன்.

நல்ல மருந்து வர்றதுக்கு முன்னாடியே போயிட்டார். மாலை போட அவர் வீட்டுல தனி போட்டோ ஒண்ணுகூட இல்லை. அவங்க அம்மா என்கிட்டதான் வந்தாங்க. "நீ எடுத்த படத்துல அவன் இருக்கான்ல தம்பி?" நெகட்டிவை எடுத்துக்கிட்டு ஸ்டுடியோவுக்குப் போனோம். வழக்கமா குரூப் போட்டோவுல ஒருத்தரை மட்டும் எடுக்கறது பெரிய பாடு. பக்கத்து ஆளோட தோளு, கையி எல்லாம் வரும், பிரஷ்ஷால அழிக்கணும். ஸ்டுடியோக்காரர் பார்த்துட்டு யதார்த்தமாச் சொன்னார். "இது சுலபம் தம்பி. பக்கத்துல யாருமே இல்லியே."

அவங்க அம்மா அதைக் கேட்டுக்கிட்டு சும்மா நின்னாங்க.

போட்டோ எடுக்கிற எல்லாரும் சொல்ற வசனம் ஒண்ணு உண்டு. "கொஞ்சம் நெருங்கி நில்லுங்கப்பா." அன்னைக்குப் படித்துறையில கேமரா வழியா அந்த இடைவெளி எனக்கு நல்லாவே தெரிஞ்சுது. சொல்லலை. நானும் அவர் பக்கம் போய் நிக்கலை.

மண்டை ஓட்டு போஸ்டர் எதுவும் இப்ப என்கிட்ட இல்லை. இந்தப் படம் மட்டும் இருக்கு. யாருக்கும் காட்டமாட்டேன், அவர்கிட்ட சம்மதம் கேட்க வழியில்லை. அதனாலதான் எழுத்தா எழுதறேன். உங்க ஆல்பத்துலயும் இப்படி ஓரமா நிக்கிற முகம் ஏதாவது இருக்கான்னு ஒரு தடவை பாருங்க.