ஒரு சுங்கம் இரண்டான பின்: பிரிட்டனின் வெளியேற்றமும் சேலம்–நாமக்கல் சமவெளியின் துணி ஏற்றுமதியும்

சுங்க ஒன்றியத்தில் சேர்ந்த நாடுகள் தமக்குள் வரி வாங்குவதில்லை. வெளியிலிருந்து வரும் சரக்குக்கு அது முதலில் இறங்கும் துறைமுகத்தில் பொதுவான ஒரே வரி வசூலாகும். அதன்பின் அந்தச் சரக்கு ஒன்றியத்துக்குள் எங்கும் போகலாம். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் 2020 ஜனவரி 31 அன்று விலகியது. ஆயினும் டிசம்பர் 31 வரை இடைக்கால ஏற்பாடு நீடித்ததால், சரக்கு வணிகத்தில் மாற்றம் தெரிந்தது 2021 ஜனவரி 1 முதல்தான். அந்த மாற்றம் வரி விகிதத்தில் இல்லை, சரக்கு செல்லும் வழியிலும் ஆவணங்களிலும்தான் இருந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சேலம்–நாமக்கல் சமவெளியின் எல்லாப் பொருளுக்கும் இந்த மாற்றத்தில் பங்கில்லை. சேலத்து ஜவ்வரிசியின் பெருஞ்சந்தை மகாராஷ்டிரம். நாமக்கல் முட்டையின் ஏற்றுமதி முக்கியமாக வளைகுடாவுக்குப் போகிறது. ஐரோப்பாவோடு நெருங்கிய தொடர்புடையது விசைத்தறித் துணி. காவிரியின் இக்கரையில், நாமக்கல் பக்கம், குமாரபாளையமும் பள்ளிபாளையமும், எதிர்க்கரையில் பவானியும் ஈரோடும். இக்கரைத் தறிகளில் நெய்த துண்டும் பெட்ஷீட்டும் பெரும்பாலும் ஈரோடு, கரூர் ஏற்றுமதியாளர் பெயரில்தான் கப்பலேறுகின்றன. கூலிக்கு நெய்பவரின் பெயர் ஷிப்பிங் பில்லில் வருவதில்லை.

பெட்ஷீட் வகைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வரி 12 சதவீதம். வளரும் நாடுகளுக்கான சலுகைத் திட்டத்தில் இந்தியச் சரக்குக்கு அது 9.6 சதவீதமாக இருந்தது; வங்கதேசத்துக்கும் பாகிஸ்தானுக்கும் வரியே இல்லை. விலகிய பிரிட்டன் இதே அமைப்பை ஏறத்தாழ அப்படியே தன் சட்டமாக எழுதிக்கொண்டது. ஆகவே 2021-இன் தொடக்கத்தில் குமாரபாளையத்துத் துணி முன்பு கட்டிய வரியையே கட்டியது. டாக்காவோடு இருந்த போட்டியும் அப்படியே தொடர்ந்தது.

சிக்கல் எழுந்தது மறுஏற்றுமதியில். 2020 டிசம்பர் 24 அன்று முடிவான பிரிட்டன்–ஐரோப்பிய உடன்பாடு இரு தரப்புக்கும் இடையே வரியை நீக்கியது. ஆனால் அந்தச் சலுகை அந்தந்தத் தரப்பிலேயே உற்பத்தியான பொருளுக்கு மட்டும்தான். தமிழ்நாட்டுத் துணி பிரிட்டனில் இறங்கி வரி கட்டிவிட்டாலும் அது பிரிட்டன் பொருளாகிவிடாது. பிரிட்டனின் ஃபெலிக்ஸ்டோ துறைமுகத்தில் இறங்கிய 100 பவுண்டு மதிப்புள்ள பெட்ஷீட்டுக்கு அங்கே 9.6 பவுண்டு கட்டியாயிற்று என்று கொள்ளலாம். இங்கிலாந்துக் கிடங்கிலிருந்து அதை ஒன்றியத்திலேயே இருக்கும் அயர்லாந்தின் டப்ளின் கடைக்கு அனுப்பினால் ஐரோப்பியச் சுங்கம் மறுபடி கை நீட்டும். வழியில் சுங்கக் கண்காணிப்பை விட்டு வெளியே வந்த சரக்கு என்பதால் சலுகை விகிதமும் கிடைக்காது. முழுப் 12 சதவீதம். அயர்லாந்துக்கும் சேர்த்து இங்கிலாந்தில் ஒரே கிடங்கு வைத்திருந்த வணிகர்களின் கணக்கு இந்த இடத்தில்தான் உடைந்தது.

வரியை ஒரு முறை மட்டும் கட்ட நேரான வழி, புறப்படும் இடத்திலேயே சரக்கைப் பிரிப்பது: தூத்துக்குடியிலிருந்து ஒரு கன்டெய்னர் ஃபெலிக்ஸ்டோவுக்கு, மற்றொன்று ராட்டர்டாமுக்கு. ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் கன்டெய்னர் அனுப்பும் நிறுவனத்துக்கு இது பெரிய செலவல்ல. ஒரு கன்டெய்னரை நிரப்பவே இரண்டு மூன்று ஆர்டர்களைச் சேர்க்கும் சிறு ஏற்றுமதியாளருக்கோ இரண்டு அரைச் சரக்கு, இரண்டு பில் ஆஃப் லேடிங், இரண்டு கிளியரிங் கட்டணம். இறக்குமதி செய்பவருக்கும் பிரிட்டனுக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு ஒன்று எனத் தனித்தனிச் சுங்கப் பதிவு எண் வேண்டும். வட அயர்லாந்தின் எண்ணுக்கு முன்னொட்டே வேறு.

இந்தியாவின் இறக்குமதிப் பக்கம் அசைவே இல்லை. இரு தரப்போடும் அப்போது தடையற்ற வணிக ஒப்பந்தம் எதுவும் இல்லாததால், ஐரோப்பாவிலிருந்து வாங்கிய தறிக்கும் உதிரிபாகத்துக்கும் கட்டிய வரி மாறவில்லை.

கூட்டமைப்பை விட்டு விலகாமலே வழி அடைபடுவதும் உண்டு. 2017 ஜூன் 5 அன்று சவூதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து ஆகியவை கத்தாருடன் உறவை முறித்தன. கத்தார் வளைகுடாக் கூட்டுறவு மன்றத்தில் உறுப்பினராகவே நீடித்தது. ஆயினும் அமீரகத்தின் ஜெபல் அலி துறைமுகத்தில் கப்பல் மாற்றி அனுப்பும் வழி மூடியது. முந்த்ரா, நவசேவா துறைமுகங்களிலிருந்து கத்தாரின் ஹமத் துறைமுகத்துக்கு நேரடிக் கப்பல் விட வேண்டியதாயிற்று. உறுப்பினர் பட்டியலைக் காட்டிலும் சரக்கின் பாதையே விலையைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இது வலுவான சான்று.

விலகலால் பிரிட்டனுக்குக் கிடைத்த உரிமை, தனியாக ஒப்பந்தம் பேசும் உரிமை. இந்தியாவுடனான ஒப்பந்தம் 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தானது. 12 சதவீதம் வரை இருந்த துணி வரி அதன்படி முற்றிலும் நீங்குகிறது. தறிக்காரருக்கு இது மெய்யான ஆதாயம். விலகல் நடந்து ஏறத்தாழ ஐந்தரை ஆண்டுகளுக்குப் பிறகே வந்தது என்பதும் உண்மை. ஆனால் இந்தப் பூஜ்ய வரி, இந்தியாவில் உற்பத்தியானது என்பதற்கான மூலவிதிகளை நிறைவேற்றி பிரிட்டனுக்குள் நுழையும் சரக்குக்கு மட்டும் உரியது. அதே பெட்ஷீட் அங்கிருந்து டப்ளினுக்குப் போனால் ஐரோப்பிய வரி தனியே விழும்.