பூகம்பம் கடவுளின் தண்டனையா? 1934இல் காந்தியும் தாகூரும் மோதியது ஏன்?

கடவுள் இருந்தால் இவ்வளவு துன்பம் ஏன்? நீங்களும் ஒருமுறையாவது கேட்டிருப்பீங்க. கடவுளை நம்பிய இரண்டு பேரே இதில் மோதியிருக்கிறார்கள்.

1934 ஜனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் உலுக்கிய பூகம்பத்தில் 10,000 பேருக்கு மேல் இறந்தார்கள். முங்கேர் நகரம் தரைமட்டமானது. ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசிய காந்தி, தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை இது என்றார்.

தாகூர் அதிர்ந்துபோய் மறுப்பு எழுதினார். (அதைத் தன் 'ஹரிஜன்' இதழிலேயே காந்தி வெளியிட்டார். பாராட்டத்தான் வேணும்!) இயற்கை நிகழ்வுக்குக் காரணம் இயற்கையில்தான் இருக்கும் என்பது தாகூரின் வாதம். அப்பாவிகளையும் சேர்த்துத் தண்டிப்பவர் கடவுள் என்றால், மனிதனின் நீதியே அதைவிட மேல் ஆகிவிடும். தீண்டாமையை ஆதரிப்பவர்களும் இதே பூகம்பத்தைக் காட்டி காந்தியைப் பழிக்கலாமே?

சேத வரைபடத்தைப் பார்த்தால் தாகூர் பக்கம்தான் சாயத் தோணும். கங்கைச் சமவெளியின் இளகிய வண்டல் மண் இருந்த இடங்களில்தான் அடி பலம். தீண்டாமைக்கு ஆளானவர்களும் அங்கேதான் வாழ்ந்தார்கள்.

இத்தனைக்கும் தாகூர் கடைசிவரை இறைநம்பிக்கையை விடவில்லை. காந்தியும் இறங்கிவரவில்லை. பாவத்துக்கும் பூகம்பத்துக்கும் உள்ள தொடர்பை நிரூபிக்க முடியாது, உள்ளுணர்வு அப்படிச் சொல்கிறது என்று பதில் எழுதினார். மார்ச்சில் பீகாருக்கே போய் நிவாரண வேலையில் இறங்கினார்.